ரீசெட்டுக்கு முன்னால்

போனில் புகார் சொல்கிறவர்களிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: "நான் வர்ற வரைக்கும் ரீசெட் மட்டும் பண்ணிடாதீங்க. வேணும்னா பிளக்கைப் பிடுங்கி வையுங்க. மெனுவுக்குள்ள போக வேண்டாம்." பலருக்கு இது வியப்பாக இருக்கும். கஸ்டமர் கேரில் எடுத்த எடுப்பில் சொல்வதே ரீசெட்தானே, இவர் ஏன் அதை வேண்டாம் என்கிறார் என்று.

டிவி, செட்டாப் பாக்ஸ், ரவுட்டர், சவுண்ட்பார், வாஷிங் மெஷின் என்று வீட்டு எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ்தான் என் தொழில். தஞ்சாவூரில் சின்னக் கடை. சாலிடேர், டயனோரா பெட்டிகள் வீடுகளில் இருந்த காலத்தில் சால்டரிங் அயர்ன் பிடிக்கக் கற்றவன். 2006-இல் தொடங்கி அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல கலர் டிவிகள் பிறகு தெருவுக்குத் தெரு பழுதுக்கு வந்ததையும் பார்த்தவன். அந்தப் பெட்டிகளில் ஒரு நேர்மை இருந்தது. ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் போனால் போனதுதான். காலையிலும் போயிருக்கும், மாலையிலும் போயிருக்கும். மீட்டரை வைத்தால் சொல்லிவிடும். இப்போது வருகிற பழுதில் பாதி அப்படி இல்லை. நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது படம் அழகாக ஓடும். தெருமுனை திரும்புவதற்குள் போன் வரும். நிலையாக நிற்காத பழுதைப் பிடிக்க வேண்டுமானால் அது விட்டுப்போகும் தடயம் வேண்டும். எந்த ஆப் இருந்தது, எந்த வெர்ஷன், எந்த எச்டிஎம்ஐயில் எது செருகியிருந்தது, ஸ்லீப் டைமர் போட்டிருந்ததா, தேதி என்ன காட்டியது என்பதெல்லாம் தடயம். ரீசெட் இவற்றில் பெரும்பகுதியைத் துடைத்துவிடுகிறது. துடைத்த பிறகு பெட்டி ஓடினால், பழுது தீர்ந்ததா பதுங்கியிருக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

இது என் பிடிவாதம் மட்டும் அல்ல. 2025 மார்ச் 9-ஆம் தேதி வாக்கில், 2015-இல் வெளிவந்த இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகம் முழுக்க ஒரே நேரத்தில் வேலை செய்ய மறுத்தன. கருவிகளில் எந்தக் கோளாறும் இல்லை. அவற்றின் அடையாளத்தை உறுதிப்படுத்தும் டிஜிட்டல் சான்றிதழ்களில் ஒன்றுக்கு ஆயுள் முடிந்திருந்தது, அவ்வளவுதான். கூகுள் அன்று பயனாளர்களுக்குச் சொன்ன முக்கியமான வார்த்தை, தயவுசெய்து ஃபேக்டரி ரீசெட் செய்யாதீர்கள் என்பது. அடுத்த சில நாட்களில் திருத்தம் வந்தது. கை வைக்காமல் விட்டவர்களின் கருவி தானாகச் சரியானது. அவசரப்பட்டு ரீசெட் செய்திருந்தவர்கள் கருவியை மறுபடி அமைக்க முடியாமல் கூடுதலாகக் காத்திருக்க வேண்டியிருந்தது.

இன்னொரு வகையில் ரீசெட் பயனற்றுப் போகும். புது டிவி வாங்கிய வீட்டில், "கலர் கண்ணைக் குத்துது. குறைச்சு வச்சா கொஞ்ச நேரத்துல பழையபடி ஏறிக்குது" என்பார்கள். பெரும்பாலும் டிவி கடை மோடில் இருக்கும். முதன்முதலாக ஆன் செய்யும்போது வீட்டுக்கா, கடைக்கா என்று அது கேட்டிருக்கும். மாட்டிக் கொடுக்க வந்த பையன் அவசரத்தில் கடை என்று அழுத்தியிருப்பான். கடை மோடில் டிவி தன் அமைப்பைத் தானே விளம்பரப் பிரகாசத்துக்குத் திருப்பிக்கொள்ளும். ரீசெட் செய்தால் அதே கேள்வி மறுபடி வரும், அதே அவசரம் அதே பதிலை அழுத்தும். மெனுவில் அந்த ஒரு வரியை மாற்றினால் முடிந்தது.

ரீசெட்டைத்தான் குறை சொல்கிறேன். அணைத்துப் போடுவதை அல்ல. பிளக்கைப் பிடுங்கிச் சற்றுப் பொறுத்துப் போடுவதை மெக்கானிக்கின் மந்திரம் என்று சிலர் நினைக்கிறார்கள். அதற்குத் தெளிவான காரணம் உண்டு. டிவிக்குள் ஓடும் ஒவ்வொரு புரோகிராமும் மெமரியில் இடம் வாங்கும். வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். சில புரோகிராம்கள், பக்கத்து வீட்டில் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பித் தராத வீடு மாதிரி, வாங்கியதைத் தராமலே அடுத்ததைக் கேட்கும். மலிவான டிவிகளில் மொத்த ரேமே 1 ஜிபிதான். சில வாரத்தில் ரிமோட்டை அழுத்தினால் நகர நேரம் எடுக்கும், பிறகு ஆப் திறக்காது, பிறகு படம் உறையும். மின்சாரம் போனால் ரேமில் இருப்பதெல்லாம் கலைந்து எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

அணைத்துப் போட்டால் சரியாவதற்குக் கணக்குப் பிசகும் ஒரு காரணம். பல கருவிகள் ஆன் ஆனது முதல் மில்லிசெகண்டுகளை எண்ணிக்கொண்டே இருக்கும். 32 பிட்டில் எண்ணினால் 49.7 நாளில் எண்ணிக்கை நிறைந்து மறுபடி பூஜ்யத்துக்கு வரும். அதை எதிர்பார்த்து எழுதாத புரோகிராம் அன்றைக்குத் தடுமாறும். விண்டோஸ் 95, 98 இரண்டிலும் இதே கணக்கால் கம்ப்யூட்டர் நின்றுபோகும் பிழை இருந்தது. மைக்ரோசாஃப்டின் 30 ஜிபி சூன் பாட்டுப் பெட்டிகள் 2008 டிசம்பர் 31 அன்று ஒட்டுமொத்தமாக உறைந்துபோன கதையும் இதற்குச் சொந்தம். அது லீப் வருஷம். ஆண்டின் 366-ஆவது நாளை எப்படிக் கையாள்வது என்று தெரியாமல் கடிகாரப் புரோகிராம் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. பேட்டரி முழுக்க இறங்கட்டும், மறுநாள் மதியத்துக்குப் பிறகு சார்ஜ் போடுங்கள் என்பதே கம்பெனி சொன்ன வைத்தியம். நாள் மாறியது, பெட்டி எழுந்தது.

ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்துவது அணைப்பதல்ல என்பதையும் வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிவிடுவேன். அது ஸ்டாண்ட்பை. பல டிவிகளில் உள்ளே எல்லாம் அரைத் தூக்கத்தில்தான் இருக்கும், மெமரி கலையாது. சுவர் ஸ்விட்சை அணைத்து, உள்ளே கெபாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய ஒரு நிமிஷம் விட்டு, பிறகு போட வேண்டும். இப்படிச் செய்து பழுது போனால் அதுவே ஒரு செய்தி: கோளாறு ஓடுகிற மெமரியில் இருந்திருக்கிறது, சேமித்து வைத்ததில் இல்லை. எத்தனை நாளில் திரும்ப வருகிறது என்பது அடுத்த செய்தி.

ஓய்வு பெற்ற தலைமையாசிரியை அம்மா ஒருவர் வீட்டில் நடந்ததைச் சொன்னால் நான் எதைத் தடயம் என்கிறேன் என்பது விளங்கும். "ராத்திரி சீரியல் பாதியில டிவி தானா அணைஞ்சிடுது தம்பி" என்பது புகார். எனக்கு முன்னால் வந்தவர் ரீசெட் செய்திருக்கிறார், நிற்கவில்லை. சாஃப்ட்வேர் போயிடுச்சு, மெயின் போர்டு மாத்தணும் என்று சொல்லி, டிவி விலையில் பாதிக்குப் பக்கமாக ஒரு தொகையும் சொல்லிப் போயிருக்கிறார். அம்மா ஒரு காரியம் செய்திருந்தார். நாள்காட்டியில் ஒவ்வொரு தடவையும் டிவி போட்ட நேரத்தையும் அது அணைந்த நேரத்தையும் எழுதி வைத்திருந்தார். அணைந்த மணி தினமும் வேறு. ஆனால் போட்டதற்கும் அணைந்ததற்கும் இடைவெளி எப்போதும் ஏறக்குறைய 20 நிமிஷம்.

அந்த இடைவெளியைப் பார்த்ததும் போர்டு என்ற எண்ணத்தையே விட்டுவிட்டேன். சூட்டினால் அணைகிற போர்டு, மழை நாளில் ஒரு கணக்கு, வெயில் நாளில் ஒரு கணக்கு காட்டும். ஒரே அளவு இடைவெளி என்றால் எங்கோ ஒரு டைமர் எண்ணுகிறது. டிவியின் ஸ்லீப் டைமர் போடப்படவில்லை. பின்னால் கை விட்டுப் பார்த்தேன். இரண்டாவது எச்டிஎம்ஐயில் விரல் நீளத்துக்கு ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக். பெங்களூரிலிருந்து வந்த மகன் செருகிவிட்டுப் போயிருக்கிறார், மின்சாரத்தை டிவியின் யுஎஸ்பியிலிருந்தே எடுத்து.

எச்டிஎம்ஐ கேபிளில் 19 ஊசிகள். படமும் ஒலியும் போகிற ஜோடிகள் தவிர, 13-ஆவது ஊசியில் சிஇசி என்று ஒரு பேச்சுவார்த்தை நடக்கும். மிக மெதுவானது; செகண்டுக்குச் சுமார் 400 பிட். ஒரு ரிமோட்டால் எல்லாக் கருவிகளையும் இயக்க வேண்டும் என்பதற்காக வைத்தது. சாம்சங் இதை எனிநெட் பிளஸ் என்கிறது, எல்ஜி சிம்ப்ளிங்க், சோனி பிராவியா சிங்க். ஒரே சங்கதிக்கு மூன்று பெயர் என்பதால் மெனுவில் அதைத் தேடுவதே ஒரு வேலை. இதில் எந்தக் கருவியும் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து "தூங்கப் போங்கள்" என்று ஒரு பொதுக் கட்டளை அனுப்பலாம். அம்மா டிவி போட்டதும் யுஎஸ்பி வழியாக அந்த ஸ்டிக்கும் விழித்துக்கொண்டது. அவர் பார்த்ததோ கேபிள் டிவி. யாரும் தன்னைத் தொடவில்லை என்று கண்ட ஸ்டிக், தன் கணக்குப்படி தூங்கப் போனது. போகும்போது டிவியையும் தூங்கச் சொன்னது. டிவி கீழ்ப்படிந்தது. இரண்டும் எழுதிவைத்தபடியே நடந்தன. அந்தக் கூடத்தில் எந்தப் பொருளும் கெட்டிருக்கவில்லை.

ரீசெட் ஏன் உதவவில்லை என்பதும் இங்கே புரியும். அந்த டிவியில் சிஇசி, ஃபேக்டரி அமைப்பிலேயே ஆன். ஒருவேளை முன்னால் யாராவது அணைத்திருந்தாலும் ரீசெட் அதை மறுபடி ஆன் செய்திருக்கும். ஸ்டிக்கைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் பேரப்பிள்ளைகளின் வீடியோவை அம்மா அதில்தான் பார்க்கிறார். மெனுவில் வேறு கருவி சொல்லி அணையும் வசதியை மட்டும் நிறுத்தினேன். மற்றதை அப்படியே விட்டேன். நாள்காட்டியில் எழுதி வைத்திராவிட்டால் எனக்கு அரை நாள் ஆகியிருக்கும். புகார் சொல்கிறவர் தன் பழுதை எப்படிப் பார்த்தார் என்பது என் மீட்டரைவிடப் பெரிய கருவி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

எந்தப் பொருளும் கெடாத அந்தக் கூடத்துக்கு நேர்மாறானதும் உண்டு. "லோகோவிலேயே நிக்குது" என்று வரும் பெட்டிகள். கம்பெனிப் பெயர் தோன்றும், மறையும், மறுபடி தோன்றும். எங்கள் தொழிலில் உடனே வாயில் வருவது, சாஃப்ட்வேர் அடிச்சுடலாம் என்பது. நான் முதலில் மின் இணைப்பைத்தான் பார்ப்பேன். கருவி விழிக்கும் நேரத்தில் பிராசசர், வைஃபை, பேக்லைட் எல்லாம் ஒன்றாக மின்சாரம் கேட்கும். உள்ளே ஒரு கெபாசிட்டர் உலர்ந்து வலு இழந்திருந்தால் அந்த நொடியில் வோல்டேஜ் தொய்ந்து பிராசசர் திரும்பத் தொடங்கிவிடும். செட்டாப் பாக்ஸ், ரவுட்டர் அடாப்டர்களில் இது நித்தியம். சும்மா அளந்தால் 12 வோல்ட் அழகாகக் காட்டும். பாரம் ஏற்றி அளந்தால் 9-க்கு வந்து நிற்கும். சில நூறு ரூபாய் அடாப்டரில் முடிய வேண்டியதைப் பெட்டியே போச்சு என்று தூக்கிப் போட்ட வீடுகளைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

மின்சாரம் சரி, உண்மையிலேயே சாஃப்ட்வேர்தான் என்றால், அப்போது வேலை நிதானமாக நடக்க வேண்டும். போர்டில் ஃப்ளாஷ் சிப் இருக்கும். பழைய, சின்ன டிவிகளில் பெரும்பாலும் 25க்யூ வரிசை எட்டுக்கால் சிப், ஸ்மார்ட் டிவிகளில் இஎம்எம்சி. புரோகிராமரில் வைத்துப் புதியதை எழுதுவதற்கு முன் பழையதைப் படித்து எடுத்துக்கொள்வேன். இரண்டு தடவை படித்து, இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று ஒப்பிட்ட பிறகுதான் சிப்பை அழிப்பது. அப்படிப் படித்தெடுத்த பழைய பிரதி அரைகுறையாக இருந்தாலும் அதில் அந்தப் பெட்டிக்கே உரிய எண்கள் இருக்கும். நெட்டில் எடுத்த ஃபைலில் அவை கிடைக்காது. பேனலும் பொருந்த வேண்டும். யுனிவர்சல் போர்டு போட்ட டிவிகளில் பேனலுக்குப் படத்தை அனுப்பும் எல்விடிஎஸ் இணைப்பின் மேப்பிங் மாறினால், முகங்களெல்லாம் எக்ஸ்ரே பிடித்த மாதிரி வண்ணம் திரிந்து வரும். பேனல் போயிற்று என்று அதைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவர்கள் உண்டு. சர்வீஸ் மெனுவில் வெசா, ஜெய்டா என்ற இரண்டில் ஒன்றை மாற்றினால் போதும்.

எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போகக் கூடாது. கடையில் யுபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடுவதில்லை. வீடுகளிலும் இதையே சொல்கிறேன்: டிவி அப்டேட் கேட்டால் மழை இடி நேரத்தில் சம்மதிக்காதீர்கள். சில டிவிகள் இரண்டு பிரதிகள் வைத்துக்கொண்டு ஒன்று கெட்டால் மற்றதிலிருந்து எழும். பல மலிவு டிவிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

எனக்கு மிகவும் பிடித்த கருவி இதில் மூன்று ஒயர்தான். பல போர்டுகளில் யுஏஆர்டி என்ற சீரியல் இணைப்புக்கு இடம் விட்டிருப்பார்கள். அனுப்ப ஒன்று, பெற ஒன்று, கிரவுண்டு ஒன்று. லேப்டாப்பில் பெரும்பாலும் 115200 வேகத்தில் கேட்டால், டிவி விழிக்கும்போது தான் செய்கிற ஒவ்வொன்றையும் வரிவரியாகச் சொல்லும். இந்த மெமரியைச் சோதித்தேன், இந்த டிரைவரை ஏற்றினேன், இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை. திரையில் லோகோ மட்டுமே தெரியும் அதே நேரத்தில் உள்ளே இத்தனை பேச்சு. கடைசி வரி எங்கே நிற்கிறதோ அங்கேதான் வேலை. இளைய மெக்கானிக்குகளுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது, எழுதுவதற்கு முன்னால் இதைப் படிப்பது.

திரையில் மக்களுக்குக் காட்டும் செய்தி இப்படி உண்மை பேசுவதில்லை என்பதில் எனக்குக் கோபம் உண்டு. நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு யூடியூப் வராது. இணைப்பு இல்லை என்று டிவி சொல்லும். வைஃபை முழுக் கோடு காட்டும். ரவுட்டரைத் திட்டுவார்கள், நெட் கம்பெனிக்குப் புகார் போகும். மெனுவில் தேதியைப் பார்த்தால் பல வருஷம் பின்னால் நிற்கும். பாதுகாப்பான எந்த இணைப்புக்கும் சான்றிதழ் இன்று செல்லுமா என்று பார்க்கத் தேதி சரியாக இருக்க வேண்டும். அவ்வளவு பின்தங்கிய தேதியில் இன்றைய சான்றிதழ்கள் செல்லாது. தேதியைச் சரிசெய்தால் படம் வந்துவிடும். "தேதி தவறாக உள்ளது" என்று தமிழில் ஒரு வரி காட்ட எவ்வளவு செலவாகும்?

பழுதே இல்லாத பழுதும் உண்டு. பெரிய டிவி வாங்கியவர், "சிவாஜி படம்கூட நாடகம் ஷூட்டிங் மாதிரி தெரியுது" என்று குறைப்பட்டார். சினிமா செகண்டுக்கு 24 ஃப்ரேம். டிவி இடையிலே இல்லாத ஃப்ரேம்களைத் தானே வரைந்து நிரப்பி அசைவை வழுக்கலாக்குகிறது. 2018 டிசம்பரில் டாம் க்ரூஸ் இதை வீட்டில் அணைத்து வையுங்கள் என்று ஒரு வீடியோவே வெளியிட்டார். அணைத்தேன்.

வயதானவர்கள் வீட்டில் எனக்கு வேலை இருமடங்கு. அதை நான் விரும்பியே செய்கிறேன். ஒரு பாட்டிக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது. இடது பக்கத்திலிருந்து மூன்றாவது படம், ஓகே, கீழே இரண்டு, ஓகே. பக்திப் பாட்டு வரும். இப்படிக் கையில் மனப்பாடம் செய்து வைத்திருந்தார். ஓர் இரவில் அப்டேட் வந்து முகப்பு மாறிவிட்டது. மூன்றாவது இடத்தில் விளம்பரம் உட்கார்ந்துகொண்டது. அவர் அழுத்தியதும் ஏதோ பணம் கேட்கும் பக்கம் வந்து, பயந்து போய் ரிமோட்டைத் தொடுவதையே நிறுத்திவிட்டார். வீட்டில், "பாட்டிக்கு ஒண்ணும் தெரியல" என்றார்கள். பாட்டிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. தெரிந்ததை யாரையும் கேட்காமல் இடம் மாற்றி வைத்தது அப்டேட். போர்டு எரிந்தால் பழுது, இது மட்டும் பழுதில்லை என்று ஒதுக்க என்னால் முடியவில்லை. ஆப் வரிசையைப் பழைய ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன், தானாக அப்டேட் ஆவதை நிறுத்தினேன், பணம் கட்டும் பக்கத்துக்கு ரகசிய எண் போட்டேன். பிறகு ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, அவரே பாட்டு வரவழைக்கும் வரை உட்கார்ந்திருந்தேன். நான் இயக்கிக் காட்டி ஓடுவது சோதனை ஆகாது. அதைத் தினம் தொடுகிற கையில் ஓட வேண்டும்.

அப்டேட்டை நிறுத்துவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. பாதுகாப்புத் திருத்தங்களும் அதே வழியில்தான் வருகின்றன. அதனால் அந்த மாதிரி வீடுகளுக்கு அவ்வப்போது நானே போய் அப்டேட் போட்டு, முகப்பைப் பழையபடி அடுக்கிவிட்டு வருகிறேன்.

இதை எழுதும்போது கையில் தீராத ஒன்று இருக்கிறது. கீழவாசல் பக்கம் ஒரு வீட்டு டிவி, நினைத்த நேரத்தில் தானாக அணைந்து எழுகிறது. நேர இடைவெளியில் ஒழுங்கு இல்லை, ஆகவே டைமர் இல்லை. எச்டிஎம்ஐ எல்லாவற்றையும் கழற்றிப் பார்த்தாயிற்று. சப்ளை பாரத்திலும் தொய்வில்லை. வைஃபையை அணைத்து வைத்த நாட்களில் ஒருமுறைகூட அணையவில்லை, வைஃபையைப் போட்டதும் பழுது வந்துவிட்டது. வைஃபை மாடியூலின் கோளாறா, நெட்டில் வருகிற ஏதோ ஒரு ஆப்பின் கோளாறா என்பது இன்னும் பிரியவில்லை. அதனால் இந்த வாரம் வைஃபையை அணைத்து, ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுத்து நெட் கொடுத்திருக்கிறேன். கேபிளிலும் அணைந்தால் ஆப்பைத் தேட வேண்டும். அணையாவிட்டால் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் அந்த மாடியூலுக்குச் சொல்லிவைக்க வேண்டும். வீட்டுக்காரர் ரீசெட் செய்யட்டுமா என்று இரண்டு நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரை பொறுங்கள் சார் என்று சொல்லியிருக்கிறேன்.